டீசலின் ஆறு குட்டிகள்

டிப்போவில் எல்லோருக்கும் அவள் பைப் அக்காதான். பத்தொன்பது வருடமாகக் கையில் தண்ணீர்க் குழாயோடு பஸ் கழுவுகிறவளுக்கு வேறு என்ன பட்டம் கொடுப்பார்கள்? காலை ட்ரிப் முடிந்த வண்டிகள் ஒவ்வொன்றாகக் கழுவும் மேடைக்கு வரும். கூரையில் ஆரம்பித்து, பக்கத் தகரம், கண்ணாடி, கடைசியில் சக்கரம். உள்ளே ஏறினால் சீட்டுக்கு அடியில் கடலைத்தோல், காய்ந்த வாந்தி, யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. ரப்பர் பூட்ஸுக்குள் எப்படியும் தண்ணீர் புகுந்துவிடும். நாலு மணிக்குக் கழற்றும்போது கால்விரல்கள் வெளுத்து ஊறிக் கிடக்கும்.

வீட்டில் கணவர் இருந்தார். அதே டிப்போவில் பஸ் ஓட்டியவர். சர்க்கரை நோய் கண்ணைத் தின்றுவிட்டதால் வேலையை விட்டு ஆறு வருடமாகிறது. எதிரில் ஆள் நிற்பது தெரியும். யார் என்பது குரலைக் கேட்டால்தான் தெரியும்.

அவள் கல்யாணமாகி வந்தபோது கொழுந்தன்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களை ஆளாக்கி அனுப்புவதற்குள் தன் பெண்கள் இருவர். அவர்களைக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தால் மூத்தவளின் குழந்தை, மூன்று வருடம். அந்தக் குழந்தையை மகள் வேறு ஊருக்குக் கூட்டிப்போன அன்று, அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"இனிமே ஒரு வாய்க்கும் நான் ஊட்ட மாட்டேங்க. கை ஓஞ்சு போச்சு."

"எனக்குமா?"

"உங்களுக்குந்தான்."

மறுநாளிலிருந்து அவர் சமைக்க ஆரம்பித்தார். உப்பை இரண்டு தடவை போட்டுவிடுவார், அல்லது போடவே மாட்டார். அவள் அப்படியே சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

இப்படி ஒரு வருடம் போயிருக்கும். டிப்போவில் டீசல் குட்டி போட்டது. டீசல் பம்பின் நிழலிலேயே படுத்து வளர்ந்த நாய், அதனால் அந்தப் பெயர். டயர் கொட்டகையில் பழைய டயர்களுக்குப் பின்னால் ஆறு குட்டிகள். ஆளாளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பைப் அக்கா அந்தப் பக்கமே போகவில்லை.

நாலாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, டீசல் தானாகவே கழுவும் மேடைக்கு வந்து ஓடும் தண்ணீரில் வயிற்றை அழுத்திப் படுத்தது. விரட்டினாலும் எழவில்லை. குனிந்து பார்த்தாள். ஒரு மடிக்காம்பு வீங்கி, நெருப்பாய்ச் சிவந்திருந்தது. சுற்றிலும் குட்டிகளின் பல்லும் நகமும் பட்ட கீறல்கள்.

டிப்போ எலெக்ட்ரீஷியன் ஆட்டோ கூட்டி வந்தான். "நீங்களும் வாங்கக்கா. உங்ககிட்டதான் அடங்கிக் கெடக்குது."

அரை மணி நேரம் உட்காரக் கிடைக்குமே என்றுதான் ஏறினாள்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா மடியை அழுத்திப் பார்த்தார். "சீழ் வச்சிருக்கு. இனிமே குட்டிங்கள இதுகிட்ட விடாதீங்க. பொறந்து எத்தன நாளாச்சு?"

"இருபத்தஞ்சு நாள் இருக்கும்," என்றான் எலெக்ட்ரீஷியன்.

"பல்லு வந்திருக்கும். தின்னப் பழக்கிடலாம். பசும்பால் மட்டும் வேண்டாம், வயித்தால போகும். குட்டிங்களுக்குன்னு தீனி இருக்கு, அத வெந்நீர்ல ஊறவச்சு நல்லா மசிச்சு, தண்ணியா கரைச்சுக் குடுங்க. மொதல்ல வெரல்ல தொட்டு நக்க விடுங்க, அப்புறம் தட்டு. தலையப் பிடிச்சுத் தட்டுல அமுக்கிடாதீங்க, மூக்குல ஏறுச்சுன்னா நெஞ்சுக்குப் போயிரும். தெனம் கொஞ்சங் கொஞ்சமா தண்ணியக் கொறச்சுக்கிட்டே வாங்க. நாலு வேள குடுக்கணும். யாரு பாத்துக்கப் போறீங்க?"

எலெக்ட்ரீஷியன் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனை, ரிப்பேருக்கு வந்தவன் போல அண்ணாந்து பார்த்தான்.

"நாலு வேளையா?" என்று கேட்டாள் அவள். அவ்வளவுதான். பொறுப்பு அவள் தலையில் விழுந்துவிட்டது.

டீசலை எலெக்ட்ரிகல் ரூமில் கட்டிப்போட்டார்கள். குட்டிகள் கத்திய கத்தலில் மேனேஜர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். தட்டுக்காக ஒரு பழைய சக்கர மூடியைத் தேய்த்துக் கழுவி, கரைத்த தீனியை ஊற்றி வைத்தாள். ஒன்று நேராக அதற்குள் நடந்துபோய் மறுபக்கம் ஏறியது. ஒன்று நடுவில் உட்கார்ந்தது. இன்னொன்று மோவாயை அதில் வைத்துத் தூங்கியே போனது. விரலில் தொட்டு நீட்டினால் ஊசிப் பற்கள் நறுக்கென்று ஏறின. ஆறு வாயையும் மாற்றி மாற்றி நக்கவைத்து முடிப்பதற்குள் இரண்டு பஸ் காத்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"அடிச்சுக்கிட்டே இருங்க," என்றாள் திரும்பாமல்.

காலை வந்ததும் ஒரு வேளை, பத்தரைக்கு ஒன்று, வேலை முடியும்போது ஒன்று. நாலாவது வேளைக்குத்தான் உயிர் போனது. இருபத்தைந்து நிமிடம் நடந்து வீட்டுக்குப் போய், ஆறரைக்குத் திரும்ப அதே தூரம் நடந்து வரவேண்டும். ஊட்டி முடித்து, குட்டிகளின் முகத்தில் தீனி சிமெண்ட் போல அப்பிக் காய்வதற்குள் துடைத்து, வயிற்றைத் துடைத்து, கீழே விரித்த சாக்கை மாற்ற வேண்டும். கொஞ்சுவதெல்லாம் இல்லை. பஸ் கழுவுவது போலவே வரிசையாகச் செய்தாள்.

மூன்றாம் நாள் ஐந்து குட்டிகள் தட்டில் நக்கப் பழகிவிட்டன. எல்லாவற்றிலும் சின்னது மட்டும், கறுப்பில் வால்நுனி வெள்ளை, முதல் இரண்டு நாள் விரலில் நக்கியது. அப்புறம் தட்டை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எச்சில் ஒழுகியது. சொட்டு மருந்துக் குழாயில் விட்டால் பாதி உள்ளே போகும், பாதி வழியும். "தாய்ப்பால் ஏக்கம்," என்றான் எலெக்ட்ரீஷியன். அப்படித்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

எட்டாம் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தரையில் படுத்துவிட்டாள். உடம்பு கொதித்தது. கணவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டையைத் தேடி மாட்டினார்.

"நான் போறேன் குட்டிங்களுக்கு."

"கண்ணு தெரியாம எங்க போவீங்க?"

"பதினெட்டு வருஷம் வண்டி எடுத்த டிப்போ. கண்ண மூடிக்கிட்டே போவேன்."

"இப்பவும் அப்படித்தான போகப்போறீங்க," என்றாள் கண்ணைத் திறக்காமல். எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு, பாதி வழியில் வந்து பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

அவர் டயர் கொட்டகையில் ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். தட்டில் எது தின்கிறது, எது தின்னவில்லை என்று பார்க்க அவரால் முடியாது. அதனால் ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வயிறு நிறைந்திருக்கிறதா என்று தடவினார். ஐந்து வயிறு பந்து போலிருந்தது. ஆறாவது ஒட்டிப்போயிருந்தது. வாயைப் பிரித்துச் சுண்டு விரலை உள்ளே விட்டார். குட்டி வீறிட்டது.

"தம்பி, டார்ச் அடி. நாக்குக்கு அடியில என்னமோ நூல் மாதிரி தட்டுப்படுது."

டார்ச் வெளிச்சத்தில்தான் தெரிந்தது. எண்ணெய் துடைக்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கழிவுப்பஞ்சின் நூல். கடித்து விளையாடியபோது நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டு, சதைக்குள் இறங்கியிருந்தது. எலெக்ட்ரீஷியன் இழுக்கப் போனான். "இழுக்காத," என்று அவர் அவன் கையைப் பிடித்தார். குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கதவைப் பூட்டக் கிளம்பிய டாக்டரம்மா திரும்ப உள்ளே வந்து சின்னக் கத்தரியால் நறுக்கி எடுத்தார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நாக்கே அழுகியிருக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அஞ்சு நாளா அந்த வாய என் கையிலதாங்க வச்சிருந்தேன். ஒரு தடவ தெறந்து பாக்கல."

"உனக்கு அலுப்பு."

"அலுப்புன்னா? பாக்காம விட்டுருவாங்களா?"

அவர் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தார். அன்று உப்பு போட மறந்திருந்தார். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவள் வேலைக்குப் போனபோது சின்னது தட்டில் தானாகவே நக்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் தண்ணீர் குறைந்து தீனி கெட்டியானது. இன்னொரு வாரத்தில் ஊறவைக்காத தீனியையே ஆறும் கடகடவென்று கடித்தன. டீசலின் புண் ஆறியதும் அவிழ்த்துவிட்டார்கள். குட்டிகள் பாய்ந்து ஓடி அதன் வயிற்றுக்கு அடியில் முட்டின. டீசல் ஒரு நிமிடம் நின்றது. பிறகு உறுமிவிட்டு, குட்டிகளால் ஏறமுடியாதபடி டயர் அடுக்கின் உச்சியில் போய்ப் படுத்தது.

பைப் அக்கா குழாயை மூடிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "படு, படு," என்றாள்.

குட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. இரண்டு கண்டக்டர்களுக்கு ஆளுக்கு ஒன்று, ஆஸ்பத்திரி ஆயாவுக்கு ஒன்று, டீக்கடைக்காரிக்கு ஜோடியாக இரண்டு. சின்னதை நாமே வைத்துக்கொள்ளலாமா என்று கணவர் கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். அவர் மறுபடி கேட்கவில்லை. எலெக்ட்ரீஷியன் எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவர் மத்தியானமே டிப்போவுக்கு வந்துவிடுகிறார். ரெஸ்ட் ரூமில் பழைய டிரைவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். அவள் வேலை முடிந்ததும் இருவரும் பஸ் ஏறுவார்கள், அந்த நாலு ஸ்டாப் தூரத்துக்கு. "இந்த வண்டிக்கு கிளட்ச் தேஞ்சிருக்கு," என்று சத்தத்தை வைத்துச் சொல்வார். கேட்க அவள் விழித்திருக்க மாட்டாள்; ஏறி உட்கார்ந்ததுமே அவர் தோளில் தலை சாய்ந்துவிடும். வளைவுகளை எண்ணி, இறங்கும் இடம் வருவதற்கு முன்னால் அவர் எழுப்புவார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று சொல்லத்தான் ஆசை. இரண்டு தடவை தவறியிருக்கிறது. அந்த இரண்டு நாளும் கடைசி ஸ்டாப்பில் இறங்கி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு திரும்ப நடந்து வந்தார்கள்.