மூடாத கோடு

மலைமேல் ஜமுனாமரத்தூரில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தேன். வேறெந்த ஊரிலும் நான் அவ்வளவு நாள் தங்கியதில்லை. ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. பிறகு திருப்பூர், ஒரு செங்கல் சூளை, ஆரணி. கம்ப்யூட்டர் வேலை ஆரணியில் படிந்தது. புடவைக் கரைக்கு ஒருவர் பேப்பரில் கையால் டிசைன் வரைவார். நான் அதை ஸ்கேன் செய்து சுத்தப்படுத்துவேன். பென்சில் அழுக்கு, மடிப்பு, டீக்கறை எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஒரு மயில் நன்றாக விழுந்திருந்தால் போதும், மற்ற மயில்களை அழித்துவிட்டு அதையே வரிசையாக ஒட்டிவிடலாம். கோடு எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் திட்டு எனக்குத்தான் விழும். அதனால் இடைவெளி கண்ணில் பட்டால் கை தானாகப் போய் மூடிவிடும். அந்தப் பழக்கம் என்னோடு மலைக்கும் வந்தது.

கடைக்குப் பக்கத்தில் டிபன் கடை. அதை நடத்திய அக்கா கலசப்பாக்கம் பக்கத்துக்காரர். பதினேழு வயதில் ஒருவரோடு ஓடிவந்து மலையில் தங்கிவிட்டவர். அந்த ஒருவர்தான் இப்போது கல்லாவில் உட்கார்ந்திருப்பார். நான் இரண்டு வேளையும் அங்கேதான் சாப்பிட்டேன்.

எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் வடைச் சட்டி எண்ணெய் அக்காவின் வலது புறங்கையில் கொட்டியிருக்கிறது. அந்தத் தழும்பு முந்தின வருஷம் புண்ணானது. ஆறவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, புற்று, முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் அக்கா எனக்கு இட்லி வைத்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த நாள் மத்தியானம் ஜெராக்ஸ் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையை விலக்கினார். மணிக்கட்டுவரை கட்டு. அதற்கு மேலே, முன்கையின் உட்புறத்தில், சின்ன வயதில் குத்திய பச்சை. புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் ஒரே கோடு. பழைய செம்புப் பாத்திரத்தில் பிடிக்கும் களிம்பின் நிறம்.

"செத்தா தோடு, மூக்குத்தி எல்லாத்தையும் கழட்டிடுவாங்க. இது ஒண்ணுதான் கூட வரும். அதையும் வெட்டி எடுத்துக்கப் போறானுங்க. நீ படம் எடுத்து வை நைனா. திரும்பி வந்து இந்தாண்ட கையில குத்திக்கிறேன்."

கையை ஸ்கேனர் கண்ணாடிமேல் வைக்கச் சொன்னேன். சுடுமா என்று கேட்டார். சுடாது என்றேன். மேலே துண்டைப் போட்டு மூடினேன். கை உருண்டை என்பதால் நடுப்பகுதிதான் கண்ணாடியில் பட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மூன்று முறை எடுத்தேன். கட்டிலிருந்து நாற்றம் வந்தது. அவர் போனபின் கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.

மூன்று படங்களையும் ஒட்டி ஒன்றாக்க இரண்டு நாள் ஆனது. சுருக்கம், மயிர், நரம்பு எல்லாவற்றையும் எடுத்தேன். ஊறிப் பரவியிருந்த கோட்டை மெல்லிசாக்கினேன். ஒரு வளைவு நன்றாக விழுந்திருந்தது, அதை நகல் எடுத்து மங்கலான இடங்களில் வைத்தேன். வேலை சுத்தமாக வந்ததில் எனக்குத் திருப்திதான். கடைக் கம்ப்யூட்டரில் இடம் இருக்காது. முடிந்த வேலையை மட்டும் வைத்துக்கொள், மற்றதை அழித்துவிடு என்பது முதலாளியின் சட்டம். மூன்று ஸ்கேனையும் அழித்தேன்.

அக்கா வேலூர் போய்விட்டு வந்தார். தையல் காய இரண்டு மாதம் ஆனது. பிறகு ஒரு நாள் காலையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு டிபன் கடைக்குப் போனேன். இடது கையால் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நேரம் எடுத்தது.

"இன்னா நைனா, ஓட்றவள புடிச்சிக் கட்டிப் போட்டுட்ட."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். பச்சை குத்தும்போது அவருக்கு ஒன்பது வயது. அம்மா மடியில் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாராம். முடிகிற நேரத்தில் கையை உருவிக்கொண்டு ஓடிவிட்டார். குத்துகிறவள் அதற்குள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டாள். ஒரு வளைவு மூடாமலே நின்றுபோனது. கோடு மூடாத பெண் வீட்டில் தங்காது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாராம். அம்மா சொன்னதுபோலவே ஆனது.

எந்த இடம் என்று கேட்டேன். யோசித்தார். தெரியவில்லை. "தெனம் பார்த்ததுதான. யாரு நோட்டு பண்ணி வச்சா." கல்லாவிலிருந்து அவர் வீட்டுக்காரர், மணிக்கட்டுப் பக்கம் என்றார். அக்கா உடனே, இல்லை, மேல் பக்கம் என்றார். "முப்பத்தஞ்சு வருஷமா புடிச்ச கைதான, அதுகூடத் தெரியலியா" என்று அவரைக் கேட்டார். அவர் சில்லறையை எண்ணப் போய்விட்டார்.

ஸ்கேனை அழித்துவிட்டதைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அக்காவின் போனில் தேடினோம். புண் வந்ததிலிருந்து எல்லாப் படத்திலும் கை முந்தானைக்குள்தான் இருந்தது. அதற்கு முன்னால் எடுத்தவற்றில் கரண்டியோ தட்டோ மறைத்தது. அன்று சாயங்காலம் நான்கு வெவ்வேறு இடங்களில் கோட்டை அழித்து நான்கு தாள் எடுத்துக் கொடுத்தேன். வரிசையாக மேசையில் வைத்துப் பார்த்தார். எதைப் பார்த்தும் இதுதான் என்று அவருக்குத் தோன்றவில்லை. மூடினதே இருக்கட்டும் என்றார்.

போளூரில் ஒருவர் மிஷின் வைத்துப் பச்சை குத்துவார். பெரும்பாலும் பெயரும் தேளும். அக்காவைத் தனியாக அனுப்ப வேண்டாம் என்று நானும் பஸ் ஏறினேன். மிஷின்காரர் என் படத்தைக் கார்பன் தாளில் எடுத்து அக்காவின் இடது கையில் ஒட்டி உரித்தார். கோலம் ஊதா நிறத்தில் முழுசாகப் பதிந்தது. அதன்மேல் மிஷினை ஓட்டத் தொடங்கினார். அக்கா சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

கடைசி வரிசையில் ஒரு வளைவுதான் பாக்கி. அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"போதும்ப்பா."

அஞ்சு நிமிஷம்தான் அக்கா, பாதியில் விட்டால் என் வேலை கெட்டுப்போகும் என்று மிஷின்காரர் கெஞ்சினார். கையை நீட்டச் சொன்னார். அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"எங்கம்மாவாலயே முடியல. நீ முடிச்சிடுவியா?"

மிஷின்காரர் என்னைப் பார்த்தார். விட்டுடுங்க என்றேன். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஊதாவைத் துடைத்தார். குத்தாத இடத்தில் கோடு போய்விட்டது.

மலைக்கு நாலேகால் பஸ் கிடைத்தது. அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். வீங்கியிருந்தது, அங்கங்கே ரத்தம் பொடித்திருந்தது. முழங்கைப் பக்கம் ஒரு வளைவு திரும்பாமல் நின்றது. நான் எடுத்துக் கொடுத்த நான்கு தாளில் எதிலும் அந்த இடம் இல்லை. பழைய கையிலும் அங்கேதான் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. பஸ் மலை வளைவுகளில் ஏற ஆரம்பித்ததும் அவர் தூங்கிவிட்டார். ஊர் வந்ததும் எழுப்பினேன்.