ஓரத்துக்குப் போன நீலச் சாரம்

பாக்கியம் அக்காவின் மகன் சந்திரன் என் தையல் கடை வாசலில் வந்து நின்றபோது நான் ஒரு காற்சட்டைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "அம்மா தவறிட்டாங்க மாமா. காலைல எழுப்பப் போனேன், எந்திரிக்கல்ல" என்றான். பாதி வெட்டிய துணியை அப்படியே மேசையில் விட்டுவிட்டு அவனோடு புறப்பட்டேன். உக்குவளையிலிருந்து அவர்கள் இருக்கும் றப்பர் தோட்டத்துக்குப் போனோம்.

பாக்கியம் அக்காவைத் தெரிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. காலையில் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுவார், பின்நேரம் என் தையல் கடைக்கு வந்து பொத்தான் கட்டுவார். வாய் கொஞ்சம் நீளம். நான் வெட்டிய சட்டைக் கழுத்தைத் தூக்கிப் பிடித்து, "இது மனுசனுக்கா, கொக்குக்கா தம்பி?" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்பார். எனக்குச் சுர்ரென்று ஏறும், ஆனாலும் அவர் சொன்னதில் தப்பிருக்காது.

அவர் குடும்பத்தில் ஒரு வழக்கம். வீட்டை விட்டு யார் போனாலும், வீட்டில் இருப்பவர்கள் உடுத்துப் பழசாக்கிய துணிகளைச் சதுரமாக வெட்டி இணைத்து, உள்ளே பழைய சேலையை மடித்து வைத்து, மெத்தைபோல ஒரு போர்வை தைத்துக் கொடுப்பார்கள். தங்கை குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியபோதும், மகள் கல்யாணமாகி றத்தோட்டைக்குப் போனபோதும் அக்காதான் தைத்தார். கடையில் மிஞ்சும் புதுத் துண்டுகளைக் கொடுத்தால் வாங்கமாட்டார். "ஒடம்புல கெடந்த துணிதான் சூடு தரும். இது வெறும் கடைச் சாமான்" என்பார். உயிரோடு இருப்பவர்களின் துணி நடுவில் வரும். இறந்தவர்களின் துணியை ஓரத்தில் சுற்றித் தைப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் போர்வையைப் பார்த்தாலே யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரிந்துவிடும்.

சந்திரன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனபோது அவனுக்கும் ஒன்று கிடைத்தது. நடுவில் அவன் அப்பா இடுப்பில் கட்டிய நீலக் கட்டம் போட்ட சாரம் இருந்தது. கொஞ்ச காலத்தில் ஆமியும் பொலிசும் செய்த ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தமிழ்ப் பையன் என்பதைத் தவிர வேறு குற்றம் யாரும் சொல்லவில்லை. வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. அலைந்து திரிந்து, தூரத்து முகாம் ஒன்றில் இருக்கிறான் என்று தெரிந்ததும், "வெறும் சிமெந்துல படுத்திருப்பான்" என்று அக்கா புதிதாக ஒரு போர்வை தைத்தார். துணைக்கு நானும் போனேன். வாசலில் நின்ற காவலர் அதைத் தடவிப் பார்த்து, "மேக்க மொக்கத?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். நான் சிங்களத்தில் விளக்கி முடிப்பதற்குள் பிளேடால் குறுக்கே கிழித்துவிட்டார். உள்ளே பழைய சேலை மட்டும்தான் இருந்தது. அக்கா பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அதை மறுபடி தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் தைத்த எந்தப் போர்வையிலும் ஒரு பக்கம் வெறும் நூலோட்டம்தான். இழுத்தால் பிரிந்துவிடும், யாரும் கிழிக்கத் தேவையில்லை. றத்தோட்டையில் பிறந்த பேத்திக்குத் தைத்ததிலும் அப்படியே விட்டிருந்தார். "பச்சப்புள்ளையோடத யாரு அக்கா சோதிக்கப் போறாங்க?" என்று கேட்டேன். "யாரு கண்டா தம்பி" என்றார்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் சந்திரனின் அப்பா நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோனார். கடிதங்கள் முகாமுக்குப் போய்ச் சேருவதில்லை. நேரில் போனால் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று, காவலருக்கு விளங்கும்படி சிங்களத்தில்தான் பேச வேண்டும். "அவுங்க அப்பா செத்தத நான் சிங்களத்துல எப்படிச் சொல்லுவேன்?" என்றார் அக்கா. அதனால் அடுத்த போர்வையில் அந்த நீலச் சாரத்தில் மிஞ்சியதை ஓரம் முழுக்கச் சுற்றித் தைத்து வாசலில் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த தடவை பார்க்கப் போனபோது, போர்வை கிடைத்ததா என்று மகனிடம் கேட்டிருக்கிறார். "லெபுனா அம்மே" என்றானாம். கிடைத்தது அம்மா. "மொகத்துல ஒண்ணையும் காட்டிக்கல்ல தம்பி. தாங்கிக்கிட்டான்" என்று கடையில் வந்து சொல்லி அழுதார். நானும் நம்பினேன்.

பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அவனை விட்டுவிட்டார்கள். அப்போது நான் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அக்கா வீட்டில் இருந்தேன். எலும்பும் தோலுமாக வந்து நின்றான். அக்கா அவன் முகத்தைத் தடவிக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்து ஒரு சுருட்டுக் கட்டை எடுத்தான்.

"அப்பா எங்கம்மா? வேலைக்கா?"

அக்காவின் கை அவன் கன்னத்திலேயே நின்றுவிட்டது. "போர்வைல பாக்கல்லயாய்யா?" என்று மட்டும் கேட்டார்.

முகாம் வாசலில் கொடுத்த ஒரு போர்வையும் அவன் கைக்கு வந்ததில்லை. கிடைக்கவில்லை என்று சொன்னால் அம்மா உடைந்துபோவார் என்று, கேட்ட போதெல்லாம் கிடைத்தது என்றிருக்கிறான். அப்பா போய் வருஷத்துக்கும் மேலாகி, அன்றைக்குத்தான் அவன் அழுதான். அவனைத் தேற்ற அக்காவால் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

சவ வீட்டில் பேசிய பெரியவர்கள் அக்காவைப் பொறுமைசாலி என்றார்கள். எல்லாரையும் மன்னித்த தாய் என்று ஒருவர் உருகினார். எனக்குக் கோபம் வந்தது. அவரை அறிந்தவர்களாவது உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்கா யாரையும் மன்னிக்கவில்லை. சந்திரன் திரும்பி வந்த சில நாட்களில், பொத்தான் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எம் புருசனோட சாரத்த எவனோ ஒருத்தன் போத்திக்கிட்டுத் தூங்குறான் தம்பி. நல்லா இருக்கட்டும்னு சொல்லிட்டு விட்டுருங்கங்கிறாங்க. எனக்கு வாய் வரல்ல." நூலைப் பல்லால் கடித்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

எனக்கு அவர் போர்வை எதுவும் தைத்துத் தந்ததில்லை. நான் அந்த வீட்டு ஆள் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு பேச்சுத்தான். நடந்தது நடந்துபோச்சு, மறந்துவிடுவோம் என்று இப்போது பலரும் என்னிடம் சொல்கிறார்கள். சரி என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.