காதால் சொன்ன தீர்ப்பு

நீண்ட திருப்புளியின் முனையை ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியை இடது காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார் பக்கத்துப் பட்டறைக்காரர். யாரும் மூச்சு விடக் கூடாது. வண்டிக்காரர் இருமினால் ஒரு கண் மட்டும் திறந்து முறைத்துவிட்டு மூடிக்கொள்ளும். பிறகு திருப்புளியைத் தோள் துணியில் துடைத்தபடி சொல்வார்: "ரெண்டாவது பேரிங் போச்சு. ஆயில் பாக்காமலே ஓட்டியிருக்கீங்க."

கோளாறை மட்டும் சொல்லி நிறுத்தும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அது யாரால் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் எங்கள் தெருவில் அவருக்கு 'ஜட்ஜ்' என்று பெயர். என் பைண்டிங் கடைக்கு அடுத்த பட்டறை அவருடையது. பிஸ்டன்கள் ஏறி இறங்குவதைச் சக்கரம் சுழலும் சுழற்சியாக மாற்றித் தரும் கோணல்மாணலான இரும்புத் தண்டுதான் கிராங்க். தேய்ந்த கிராங்குகளைச் சாணை பிடித்துச் சரிசெய்வது அவர் தொழில். வேலைக்குப் போடும் சட்டைக்கும் இஸ்திரி போடுவார். டீயை நின்றுகொண்டே குடித்து, கடைசி வாயைக் கீழே கொட்டுவார். "மெஷின் மழுப்பாது சார், மனுசன்தான் மழுப்புவான்" என்பார். அவரிடம் எதிர்வாதம் செய்து ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை.

பல் டாக்டர் ஒருவரிடம் அவருடைய அப்பா காலத்துக் கார் ஒன்று உண்டு. முட்டைக்கண் விளக்கும் பெரிய ஸ்டியரிங்குமாக, தெருவில் போனால் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். அதைப் பதினான்கு வருஷமாக ஓட்டியவர் ஜட்ஜின் மச்சினர், மனைவியின் தம்பி. போன மாசம் ஒரு காலை, அந்தக் கார் யாரோ உள்ளேயிருந்து சம்மட்டியால் அடிப்பது போன்ற சத்தத்தோடு பட்டறைக்குள் நுழைந்தது. ஜட்ஜ் திருப்புளியை ஊன்றினார். காதைக் கொடுத்தார். டாக்டருக்குப் போன் போட்டார்.

"கிராங்க் உடைஞ்சிருக்கு சார். டாப் கியர்லயே வச்சு மேட்டுல திணற விட்டா வேற என்ன ஆகும்? டிரைவர் தப்புதான்."

பக்கத்தில் நின்ற மச்சினரின் முகம் செத்துப்போயிற்று. "நான் அப்படி ஓட்டினதே இல்லையே மாமா."

"என் காதுக்குத் தெரியாதாடா?"

மத்தியானத்துக்குள் மச்சினருக்கு வேலை போய்விட்டது.

மூன்றாம் நாள் எஞ்சினைப் பிரித்தார். கிராங்க் இரண்டு துண்டாக வெளியே வந்தது. உடைந்த முகத்தைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி கறுத்து, வழவழவென்று, அலை ஒதுங்கிய மணல்போல வரிவரியாக இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கல்லுப்பை உடைத்தது மாதிரி புதுப் பளபளப்பு.

"ஒரே நாள்ல உடைஞ்சிருந்தா முழுக்க இப்படிப் பளபளன்னு இருக்கணும். இது ரொம்ப நாளா கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டிருக்கு" என்றார்.

"எங்கே ஆரம்பிச்சுது?"

நகத்தால் வரிகளைத் தொட்டுக்கொண்டே பின்னால் போனார். தண்டின் உருண்டைப் பகுதி பக்கவாட்டுத் தகட்டோடு சேரும் மூலையில் நகம் சிக்கி நின்றது. அந்த மூலை குழைவாக உருண்டிருக்க வேண்டும். கூராக இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். இது கத்தியால் வெட்டியது போலக் கூராக இருந்தது. பக்கத்திலேயே, தான் சாணை பிடித்த தண்டுகளில் எல்லாம் அவர் குத்தும் மூன்று புள்ளிகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இவரே பார்த்த வேலை.

அந்தப் புள்ளிகளை விரலால் தேய்த்துப் பார்த்தார். "மூலைய உருட்டாம விட்டிருக்கேன்" என்றார் கடைசியில். "அன்னிக்கு யாரையாவது நிக்க வச்சு, தப்பு உன்னோடதுதான்னு கத்திக்கிட்டு இருந்திருப்பேன்."

வீட்டில் மனைவியிடமும் சொல்லியிருக்கிறார். "தீர்ப்புச் சொல்ல என் தம்பிதான் கெடச்சானா உங்களுக்கு?" என்று கேட்டவர்தான், அதற்குப் பிறகு சாப்பிடக் கூப்பிடுவதோடு சரி.

காயலான் கடையிலிருந்து அதே ரகத்துக் கிராங்க் ஒன்றைக் கொண்டுவந்தார். கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினார், மணிபோல ஒலித்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பொடி பூசி, விரிசலைக் காட்டிக்கொடுக்கும் ஈரக்கோடு எங்காவது கசிகிறதா என்று பார்த்தார். கசியவில்லை. சாணைக்கல்லின் விளிம்பை உருட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூலையையும் அளவுத் தகடு வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தார். எட்டு நாள். பூட்டி ஓடவிட்டபோது, எஞ்சின் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

டாக்டர் வந்தார். ஜட்ஜ் கையைக் கட்டிக்கொண்டு, "தப்பு என்னோடது சார். டிரைவர் மேல ஒண்ணுமில்ல. அவன மறுபடி சேத்துக்கணும்" என்றார்.

"விடுங்க, அதான் வண்டி ஜம்முனு ஆயிடுச்சே. வேற ஆளும் போட்டாச்சு" என்றார் டாக்டர். அந்த வேற ஆள் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே ஜட்ஜ் மச்சினர் வீட்டுக்குக் கிளம்பினார். "நீங்களும் வாங்க சார்" என்று என்னைக் கூப்பிட்டார். தனியாகப் போகத் தைரியமில்லை என்பது தெரிந்தது. அவருடைய பட்டறை வேனை அவரே ஓட்டினார்; நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

மச்சினர் இப்போது ஒரு சோபா கடையில் காவல்காரர். தொளதொளவென்ற காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். ஜட்ஜ் கையோடு கொண்டுவந்த சாக்கைப் பிரித்து உடைந்த துண்டைத் தரையில் வைத்தார். "பாரு மாப்ள. என் கையால வந்தது. உன்மேல தப்பே இல்ல."

மச்சினர் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானே நம்பிட்டேன் மாமா. எந்த மேடு, எந்தக் கியருன்னு யோசிச்சு யோசிச்சு, ஒரு மேடு ஞாபகத்துக்கு வந்த மாதிரிகூட இருந்துச்சு. இப்ப ஸ்டியரிங் முன்னால உக்காரவே என்னால முடியல."

"அதான் இல்லைங்கறனேடா!"

"சரி மாமா. டியூட்டிக்கு நேரமாச்சு."

வாசல்வரை வந்த மச்சினர், பழக்க தோஷத்தில், வேனின் கதவைத் திறந்து பிடித்தார். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு. ஜட்ஜ் அதில் ஏறவில்லை. கையை உள்ளே விட்டுச் சாவியைப் பொருத்தினார். சுற்றிக்கொண்டு போய், மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார்.

மச்சினர் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு சத்தம் வராமல் சாத்திவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பிப் போய்விட்டார். ஜட்ஜ் இறங்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, யாரோ வந்து வண்டியை எடுக்கப் போகிறார்கள் என்பதுபோல, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.