தயாளன் மாற்றிய பிரேக்

பினாங்குத் துறைமுகத்துச் சரக்கு நிறுவனம் ஒன்றில் தயாளனும் நானும் பதினெட்டு ஆண்டுகளாக அடுத்தடுத்த மேசையில் வேலை பார்க்கிறோம். சுங்கை பினாங் அடுக்குமாடியில் ஏழாவது மாடி அவர் வீடு. மனைவி காமினி, ஒரே மகள் அதிரா. அவருக்குக் கோபம் அதிகம் என்று காமினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அலுவலகத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்டோபரில், மழை பெய்த ஒரு மாலையில், டியூஷன் முடிந்த அதிராவைத் தயாளன் காரில் ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸ் வழியாக வந்துகொண்டிருந்தார். தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறும் நேரம். முன்னால் ஒரு பேருந்து நின்றது. அதன் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த தனேஷ் என்ற இளைஞனும் நின்றான். தயாளனின் கார் நிற்கவில்லை. தூக்கியெறியப்பட்ட தனேஷின் வலது காலில் சக்கரம் ஏறியது. மூன்றாம் நாள் மருத்துவர்கள் அந்தக் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவனுக்கு இருபத்து நான்கு வயது.

மருத்துவமனை நடைக்கூடத்தில் அவன் தாய் ஜெயலெட்சுமி தயாளனைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"எப்படிப்பா ஆச்சு?"

"பிரேக் பிடிக்கலக்கா. மிதிச்சேன், காடி நிக்கவே இல்ல."

அதிராவும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டாள். போலீசிடமும் அவர் அதையே சொன்னார். மழை, வழுக்கும் சாலை, பிரேக் பிடிக்கவில்லை. சம்மன் அபராதத்தோடு விஷயம் முடிந்தது.

அதற்குப் பிறகு தயாளன் பிரேக்கைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் பிரேக் பற்றிய வீடியோக்களையே பார்ப்பார். சக்கரத்தோடு சுழலும் பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் கெட்டியான கேலிப்பர், இரும்பு வலை சுற்றிய எண்ணெய் ஹோஸ் என்று எனக்குப் படம் காட்டுவார். பழைய குடும்பக் கார், தினமும் வேலைக்கும் பசாருக்கும் போகிற கார். அதற்கு எதற்கு இவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடிய முகமாக அது இல்லை.

விபத்து நடந்து ஓராண்டு ஆகப்போகும்போது, ஜெலுத்தோங்கில் கார் பட்டறை வைத்திருக்கும் பக்கிரிசாமியிடம் காரைக் கொண்டுபோனார். பக்கிரிசாமி நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்துவிட்டு, துணியில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"அண்ணே, பிரேக் பேட் இன்னும் பாதிக்கு மேல தேயாம இருக்கு. டிஸ்க்ல ஒரு கீறல் இல்ல. எதுக்கு மாத்தணும்?"

"அன்னிக்குப் பிடிக்கல. மாத்து. ரேஸ் காடிக்குப் போடுற பேட் இருக்காமே, அதையே போடு."

"அது சூடானாத்தான் கடிக்கும்ணே. காலையில வேலைக்குப் போறப்ப சூடு எங்கேருந்து வரும்? ரோட்டுக்கு ரோட்டுப் பேட்தான் லா. முன்பக்கம் மட்டும் ரொம்பப் பெருசாக்கினாலும் ஆபத்து, மழையில முன்சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கும்."

கடைசியில், அதே காரின் விலையுயர்ந்த ரகத்துக்கு வருகிற டிஸ்க்கையும் கேலிப்பரையும் முன்னால் பொருத்தினார். பின்பக்கத்தையும் அதற்கு ஈடாகச் சரிசெய்தார். ஹோஸ், பிரேக் எண்ணெய் எல்லாம் புதிது. புதுப் பேட் டிஸ்க்கில் படிய வேண்டும், காலியான சாலையில் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பத்து முறை ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

தயாளன் ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். பிரேக் பிடிக்கவில்லை என்றார். பக்கிரிசாமி சோதித்து, நன்றாக இருக்கிறது என்று அனுப்பினார். மறுபடியும் வந்தார். மூன்றாவது முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தூறிக்கொண்டிருந்தது. "வாங்க, நானே கூட வரேன்" என்று பக்கிரிசாமி பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

ஆளில்லாத சாலையில் அறுபதில் போகும்போது, "இப்ப மிதிங்க" என்றார். தயாளன் மிதித்தார். கார் மூக்கைத் தாழ்த்தி, நேராக நின்றது.

"பார்த்தீங்களா? பழைய பிரேக்கா இருந்தாலும் இங்கதான் நின்னிருக்கும். ஒரு அடி, அரை அடி தள்ளி. ஈர ரோட்ல டயர் பிடிக்கிற அளவுக்குத்தாண்ணே எந்தப் பிரேக்கும்."

"அப்ப அன்னிக்கு ஏன் நிக்கல?"

பக்கிரிசாமி அவர் பக்கம் திரும்பினார். "அந்தப் பிரேக்கைக் கழட்டினவன் நான். அதுல குத்தம் இல்ல. நீங்க எப்ப மிதிச்சீங்க?"

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"இடிச்ச பிறகு," என்றார் தயாளன்.

மறுநாள் அலுவலகத்தில் இதை என்னிடம் சொன்னார். விபத்து நடந்த அன்று பின்னிருக்கையில் இருந்த அதிரா, டியூஷனை நிறுத்திவிடுகிறேன் என்றிருக்கிறாள். இவர் விரலை நீட்டி, முழுதாகப் பின்னால் திரும்பிக் கத்தியிருக்கிறார். சத்தம் கேட்டுத்தான் முன்னால் திரும்பினார். ஓராண்டில் இதை அவர் காமினிக்குக்கூடச் சொல்லவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி, பாதி நாள் அவரே அதை நம்பியிருந்தார்.

அதிரா அன்றிலிருந்து அந்தக் காரில் ஏறியதில்லை. பயம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஞாயிறு அன்றே அவள் அறை வாசலில் போய் நின்று, "பிரேக் நல்லாத்தான் இருந்துச்சும்மா" என்றிருக்கிறார்.

"தெரியும்பா." அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் பேசாம வந்திருந்தா நீங்க திரும்பியிருக்க மாட்டீங்க. அந்த அண்ணன் கால் போனது என்னாலதானே?"

அதை என்னிடம் சொன்னதும் தயாளன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அந்த வாரமே ரெலாவ் பகுதியில் இருந்த தனேஷின் வீட்டுக்குப் போனார். ஜெயலெட்சுமி உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். ஊன்றுகோல்கள் சுவரில் சாய்ந்திருந்தன. இவர் நடந்ததை நடந்தபடி சொன்னார்.

தனேஷ்தான் முதலில் பேசினான். "எனக்குத் தெரியும் அங்கிள். சைடு கண்ணாடியில பார்த்தேன். உங்க முகமே தெரியல, பின்மண்டைதான் தெரிஞ்சுச்சு."

"ஏன்பா போலீஸ்ல சொல்லல?"

"சொன்னா கால் வந்துருமா?"

ஜெயலெட்சுமி மகனையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு வருசமா அந்தக் காடியைச் சபிச்சேன். உன்னைப் பாவம்னு நெனச்சேன்யா. நல்ல மனுசன், இரும்பு ஏமாத்திருச்சுன்னு நெனச்சேன்." தேநீர்க் கோப்பையை இவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "எந்திரிச்சுப் போயிரு. இனி வராதே."

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், பழைய வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கொடுத்தார். வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓட்டுநர் உரிமத்தை இரண்டு ஆண்டுக்கு முடக்கினார்கள். இது சின்னத் தண்டனைதான் என்று காமினியே என்னிடம் சொன்னார். அவர் இன்னும் கணவருடன் சரியாகப் பேசுவதில்லை. ஜெயலெட்சுமியின் கதவு பிறகு திறக்கவில்லை. இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு, தயாளன் மூன்றாவது முறை போகவில்லை.

"உன் மேல தப்பு இல்லம்மா" என்று மகளிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். அவள் தலையாட்டுகிறாள். நம்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

காலையில் இருவரும் ஒரே பேருந்தில்தான் போகிறார்கள். அவள் முன்னால் உட்காருவாள், இவர் நாலைந்து இருக்கை தள்ளி. பள்ளி நிறுத்தம் வந்ததும், திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போகிறாள்.