ஐந்து பேருக்கு ஒரு கோட்

போன வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவில் வாசலில் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது ரகு என்னைப் பிடித்துக்கொண்டான். நோர்வேக்குப் பனி பார்க்கப் போய்வந்தானாம். ஃபோன் நிறையப் படங்கள். ரகு பனியில் மல்லாந்து கிடக்கிறான். ரகு நாய்கள் இழுக்கும் பனிவண்டியில் இருந்து இளிக்கிறான். வானத்தில் பச்சை வெளிச்சம் ஓட, ரகு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன்னையே படம் எடுக்கிறான்.

“கோட், பூட்ஸ் எல்லாம் அங்கையே வாடகைக்குத் தருவினம், மச்சான். ஒண்டும் கொண்டுபோகத் தேவையில்லை.”

லண்டனில் நாலு துளி பனி விழுந்தால் கவுன்சிலைத் திட்டுகிற ஆள், பனியை ரசிக்கப் பிளேன் ஏறுகிறாராம். தூ என்று இருந்தது. ஆனால் வாடகைக் கோட் என்றதும் எனக்கு வேறொரு கோட் ஞாபகம் வந்துவிட்டது. இவனுடைய கோட்தான்.

லண்டனுக்கு வந்த புதிதில், இங்கே எட்மண்டனில் ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேரும் ஒரே ஊர். ஒழுங்கான கோட் ரகுவிடம் மட்டும் இருந்தது. கறுப்பு, முழங்கால் வரை நீளம், ஒரு பொத்தான் மட்டும் மண்ணிறம். சமையலறைக் கதவில் தொங்கியதால் எப்போதும் கறித்தூள் மணக்கும். மற்ற நாலு பேரும் மூன்று சுவெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு திரிந்தோம்.

ஊரிலிருந்து அம்மா கடிதத்துக்குக் கடிதம் கேட்பார், குளிருக்கு என்ன போடுகிறாய் என்று. நல்ல கோட் வாங்கிவிட்டேன் என்று புளுகிவைத்திருந்தேன். அப்படியென்றால் ஒரு படம் அனுப்பு என்றார். இனிப் படம் போகாவிட்டால் அவருக்கு நித்திரை வராது.

ஒரு காலை பனி கொட்டியது. பின்வளவில் படம் எடுக்க வரிசை. ரகு மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றான். “ஆளுக்கு ரண்டு நிமிஷம். பொத்தானை இழுக்காதையுங்கோ.” நான் பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் முடிந்து வரும்போது மற்றவர்கள் மிதித்து எல்லாவற்றையும் சேறாக்கியிருந்தார்கள். கோட்டை மாட்டி, பக்கத்து வீட்டுக்காரரின் காரில் மிஞ்சிய பனியை வழித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் காரிலேயே கையை ஊன்றி இளித்தேன். ரகுவின் நோர்வே இளிப்புக்கு அது ஒரு சொட்டும் குறைந்ததல்ல.

எங்களுக்கு மூளை இருந்ததா என்று நீங்களே சொல்லுங்கள். ஐந்து படமும் ஒரே கிழமையில் ஒரே ஊருக்குப் போயின. ஐந்து தாய்மாரும் கோவிலில் கூடி, படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மண்ணிறப் பொத்தான் காட்டிக்கொடுத்துவிட்டது. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அம்மா சிரிக்கவில்லை. “தம்பி, ரகு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாப் பிறகு நீ என்னத்தைப் போடுறாய்?” என்று எழுதியிருந்தார்.

வெட்கத்தில் நான் பதில் போடவில்லை. கோட் வாங்கியபின் எழுதலாம் என்று இருந்தேன். வாங்குவதற்கு முன் அம்மா செத்துப்போனார்.

“ரகு, உன்ர அந்தக் கறுப்புக் கோட் ஞாபகம் இருக்கோ?”

“எந்தக் கோட்?” என்றான், அடுத்த படத்தைத் தள்ளியபடி.

எட்மண்டனில் இப்போது பனி விழுந்தாலும் மத்தியானத்துக்குள் மழையாகிவிடுகிறது. என் அலுமாரியில் நாலு கோட் தொங்குகின்றன. குளிருக்கு என்ன போடுகிறாய் என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை.