பதினோரு வரிச் சிப்பி

கல்லை வாங்கியதும் சகாயம்மாள் முதலில் அதன் மூலையில் நாக்கை வைக்கிறார். முகம் சுளிப்பதில்லை. சாம்பாரில் உப்புப் பார்ப்பவர் மாதிரி ஒரு கணம் கண்ணை மூடுகிறார், அவ்வளவுதான். கொண்டுவந்தவர் போளூர்க்காரர். டைனோசர் முட்டை என்று பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார், பாவம்.

"ஒட்டலியே. எலும்புன்னா நாக்க இழுத்துப் புடிக்கும், உள்ள அவ்ளோ பொடிப்பொடி ஓட்டை. சரி, முட்டைன்னா ஓடு இருக்கணுமில்ல, ஓடு எங்க? இது ஆத்துல உருண்டுகினே வந்த கல்லுங்க. கொண்டுபோயி ஊறுகா ஜாடி மேல வைங்க, நல்ல கனம்."

ஆரணியில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. "கல்லு அக்கா வீடு" என்றால் ஆட்டோ நேராக வாசலில் வந்து நிற்கும். அறுபத்து மூன்று வயது. வெளியூர்க் கல்லூரி ஒன்றின் நிலவியல் துறையில் முப்பத்தொரு வருஷம் உதவியாளர் வேலை. கல்லைச் சீவிக் கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும் வரை தேய்ப்பதுதான் வேலை. தலைமுடியின் பாதிக் கனம்தான் மிஞ்ச வேண்டும். ஒரு தேய்ப்பு கூடினால் கல்லே காணாமல் போய்விடும். கல்லோடு சேர்ந்து அவருடைய கைரேகையும் தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷின் பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு இப்படி ஒரு ஆளே இல்லை என்கிறது. அதில் அவருக்கு வருத்தமில்லை, பெருமைதான்.

தெள்ளாரிலிருந்து ஒருவர் கடப்பாக் கல் பலகையைத் தோளில் சுமந்து வந்தார். அதில் அச்சு அசலாக ஒரு செடி, கிளை கிளையாக. சகாயம்மாள் இரண்டு விநாடிகூடப் பார்க்கவில்லை. "செடியில்லீங்க. கல்லு வெடிப்புல தண்ணி எறங்கி, மாங்கனீசு படிஞ்சு போட்ட கோலம். செடின்னா நடுவுல காம்பு இருக்கும், நரம்பு இருக்கும். இதுல ஒன்னுங் காணோம்." வந்தவர் முகம் தொங்கிப் போனது. அதற்காகவெல்லாம் சகாயம்மாள் பொய் சொல்ல மாட்டார். வேண்டுமானால் டீ போட்டுக் கொடுப்பார்.

அவருக்குக் கோபம் வருவது ஒரே ஒரு கேள்விக்கு. "கார்பன்ல வச்சுப் பாத்தீங்களா?" என்று யாராவது படித்தவர் தோரணையில் கேட்டால் தொலைந்தார். "கார்பன் கணக்கு ஐம்பதாயிரம் வருஷத்துக்கு மேல போவாது சார். கோடிக் கணக்குல போனதுக்கு வேற வழி. எந்த அடுக்குல கெடந்துச்சு, கூட யாரு யாரு கெடந்தாங்க, அத மொதல்ல பாக்கணும். சில சிப்பி கொஞ்ச காலந்தான் ஒலகத்துல இருந்துச்சு. அது கெடைச்சா, ஆஹா, இந்த அடுக்கு இந்தக் காலம்னு சொல்லிடலாம். வருஷமே வேணும்னா மேலயும் கீழயும் எரிமலைச் சாம்பல் இருக்குதான்னு தேடணும். அந்தச் சாம்பல்ல பொடிப் படிகம் இருக்கும். அதுல யுரேனியம் மெதுவா ஈயமா மாறிகினே இருக்கும். எவ்ளோ மாறியிருக்குதோ அதான் வயசு." ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வார். பத்தாம் வகுப்புத்தான் படித்தவர் என்று அப்புறம் தெரியவந்தால் கேட்டவருக்குத் தூக்கிவாரிப் போடும்.

இத்தனை வீறாப்புக்காரருக்கும் மனசுக்குள் ஒரு குறை இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் மாணவர்கள் அரியலூர்ப் பக்கம் போனபோது, சமைக்கவும் மூட்டை தூக்கவும் அவரைக் கூட அழைத்துப் போனார்கள். ஓடைக்கரையில் பாத்திரம் கழுவும்போது அந்தச் சிப்பி கண்ணில் பட்டது. மணற்கல்லில் முதுகு புதைந்து, குழிந்த உட்பக்கம் மேலே தெரிய, விசிறி மாதிரி பதினோரு வரிகள். மாணவர்கள் எடுத்த கல்லெல்லாம் பதிவேட்டில் பெயரோடு ஏறின. இவருடையதை மட்டும் பேராசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, நீயே வச்சுக்கோ" என்றார். பரிசு கொடுத்த மாதிரி சொன்னார். சகாயம்மாளுக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது.

அன்றைக்கு அந்த மாணவர்களில் ஒருவராக இருந்த ஃப்ளோரன்ஸ்தான் இப்போது அந்தத் துறைக்குத் தலைவர். புதிதாகக் கண்ணாடி அலமாரி வைக்கிறார்கள், அதில் அந்தச் சிப்பிக்கு ஓர் இடம். கீழே அட்டையில் கண்டெடுத்தவர் பெயரும் இருக்கும். வெள்ளிக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று ஃப்ளோரன்ஸ் போனில் சொன்ன அன்று சகாயம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை மாலை, சிப்பியில் முப்பது வருஷத்துக் கைப்பிசுக்கும் அடுப்புப் புகையும் ஏறியிருப்பதாகப் பக்கத்து வீட்டு பாலுவிடம் குறைப்பட்டுக்கொண்டார். பாலு பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய பட்டறை. "இதுக்கா பேஜாராவுறீங்க? குடுங்கக்கா, பளபளன்னு ஆக்கித் தரேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். சோப்புத் தண்ணீரில் ஊறவைப்பார் என்று இவர் நினைத்தார். பட்டறைக்காரர் புத்தி அப்படியா போகும்? சாயம் ஏறிய பட்டைக் கடைசியாக ஆசிட் கலந்த தண்ணீரில் அலசினால்தான் மினுக்கு வரும். பட்டுக்கு வருகிற மினுக்கு கல்லுக்கு வராதா? அக்காவின் கல் ஆயிற்றே என்று இரண்டு மடங்கு தாராளமாக ஊற்றிவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் பாலு சட்டியோடு வந்து நின்றார்.

"அக்கா... நுரைச்சுகினே இருந்துச்சு. அழுக்கு போவுதுன்னு வுட்டுட்டேன். இப்பப் பாத்தா உள்ள ஒன்னுமே இல்லக்கா."

சட்டியில் கல் இருந்தது. சிப்பி இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம். சிப்பி சுண்ணாம்பு; ஆசிட் தின்றுவிட்டது. மணற்கல்லை அது தொடவே இல்லை.

சகாயம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பாலு பிழைத்திருப்பார். மாவு பிசைந்துகொண்டிருந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "நாளைக்கு வராங்களே பாலு," என்று மட்டும் சொன்னார். "என் பேரு போட்டு அட்டைகூட அடிச்சிட்டாங்களாம்." பாலுவும் அழுதார்.

பிறகு பழக்க தோஷம், விரல் தானாகப் பள்ளத்துக்குள் போனது. ஒரு தடவை போய் வந்தது. மறுபடியும் போனது. சட்டென்று சப்பாத்தி மாவில் ஒரு உருண்டையைக் கிள்ளிப் பள்ளத்தில் அழுத்தி, மெதுவாகப் பிரித்தெடுத்தார். மாவில் சிப்பி முதுகு காட்டிக்கொண்டு வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பதினொன்று.

"அடப்பாவி! மண்ணுக்குள்ள நடக்குற வேலைய நீ சட்டியில பண்ணியிருக்கடா."

பாலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. சகாயம்மாளுக்கு உயிர் திரும்பிவிட்டது. "செத்ததெல்லாம் ஒரே மாதிரி கல்லாவறதில்ல. மரம்னா உள்ள சிலிக்கா தண்ணி ஊறி, துளித்துளியா மரம் போயி கல்லு உக்காந்துக்கும். சிலது நடந்த தடம், வளை தோண்டின தடம் மட்டும் மிஞ்சும். சிலது இந்த மாதிரி. சிப்பிய புளிச்ச ஊத்துத் தண்ணி கரைச்சிடும், கல்லுல அச்சு நின்னுடும். அதுவும் புதைபடிவந்தான், ஒசத்தி தாழ்த்தி கெடையாது." சொல்லிக்கொண்டே மாவைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பியவர் அப்படியே நின்றார். ஏழாவது வரியின் மேல் குண்டூசித் தலையளவு ஒரு வட்டக் குழி. முப்பது வருஷமாகக் கல்லுக்குள் ஒளிந்திருந்த பக்கம் அது.

வெள்ளிக்கிழமை ஃப்ளோரன்ஸ் வந்தார். சகாயம்மாள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கேட்கக் கேட்க ஃப்ளோரன்ஸின் முகம் வாடியது. "சிப்பிக்குன்னுதானே இடம் ஒதுக்கினோம், சகாயம்மா..."

சகாயம்மாள் கல்லையும் காய்ந்த மாவு அச்சையும் நீட்டினார். "லென்ஸ எடுங்க மேடம். ஏழாவது வரி."

ஃப்ளோரன்ஸ் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"நத்தை போட்ட துளை," என்றார் சகாயம்மாள். "ஓட்டத் துளைச்சுத் தின்ன வந்திருக்குது, பாதியிலயே வுட்டுட்டுப் போயிருக்குது. துளை உள்பக்கம் வரைக்கும் வந்திருந்தா எனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும். அன்னிக்கு இது தப்பிச்சிருக்குது மேடம். சிப்பி கல்லுலயே இருந்திருந்தா நாம இத ஜென்மத்துக்கும் பாத்திருக்க மாட்டோம்."

ஃப்ளோரன்ஸ் லென்ஸை இறக்கிவைத்தார். "வைக்கிறோம்," என்றார். "கட்டாயம் வைக்கிறோம்." பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். 'சிப்பி. கண்டெடுத்தவர்: ஆர். சகாயம்மாள்' என்று அழகாக அச்சடித்திருந்தது.

சகாயம்மாள் தன் பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு ஃப்ளோரன்ஸின் பேனாவை வாங்கி, 'சிப்பி' என்பதை அடித்து, மேலே 'சிப்பியின் அச்சு' என்று எழுதினார். தன் பெயருக்குக் கீழே 'சிப்பியைக் கரைத்தவர்:' என்று எழுதிவிட்டு நிறுத்தி, மதில் சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கே காயப்போட்ட சிவப்புப் பட்டு நூலுக்குப் பின்னால் ஒரு ஜோடிக் கால் நெடுநேரமாக நகராமல் நின்றுகொண்டிருந்தது.

"பாலு," என்று குரல் கொடுத்தார், பேனா முனையை அட்டையிலிருந்து எடுக்காமல். "உன் இனிஷியல் இன்னாபா?"