இன்குபேட்டருக்கும் ஓர் ஆயுத பூஜை

முயல் லேசில் கத்தாது. வலித்தால் உடம்பைச் சுருக்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்காரும், அவ்வளவுதான். இந்த வேலையில் இத்தனை வருஷம் நான் ஒட்டிக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நாய் மாதிரி ஊளையிட்டிருந்தால் முதல் வாரமே வேலையை விட்டுவிட்டு, சிட்லபாக்கத்தில் வீட்டு வாசலில் டியூஷன் போர்டு மாட்டியிருப்பேன்.

கம்பெனிகள் அனுப்பும் ரசாயனம் மனிதத் தோலில் பட்டால் என்ன ஆகும் என்று சோதித்துச் சொல்வதுதான் என் வேலை. தரை துடைக்கும் திரவம், பசை, சாயம், எது வந்தாலும் சரி. முயலின் முதுகில் ஒரு சதுரம் ரோமத்தை மழித்து, மறுநாள் அந்த இடத்தில் மருந்தைத் தடவிக் கட்டுப் போட்டு, பிறகு பிரித்துப் பார்ப்போம். சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, புண்ணாகியிருக்கிறதா என்று எழுதுவோம். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "லேப்ல" என்று சொல்லிவிட்டுச் சாம்பார் கேட்பேன்.

வெளிநாடுகளில் இதற்கு மாற்று வந்து வெகு காலமாகிவிட்டது. ஊர் சுற்றி ஒருவழியாக, பெருங்களத்தூரைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் லேபுக்கும் வந்து சேர்ந்தது. ஆபரேஷனில் மிஞ்சும் மனிதத் தோலிலிருந்து செல்களை எடுத்து, அடுக்கடுக்காக வளர்த்து, சட்டைப் பொத்தான் அளவில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் அனுப்புகிறார்கள். அதன் மேல் மருந்தை விட்டுக் கழுவி, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் இரண்டு ராத்திரி வைக்க வேண்டும். பிறகு மஞ்சளாக ஒரு திரவத்தை ஊற்றினால், உயிரோடு இருக்கும் தோல் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். செத்த தோல் வெளுத்தே கிடக்கும். கட்டும் வேண்டாம், புண்ணும் வேண்டாம். முதன்முதலில் அந்த நிறம் ஏறுவதைப் பார்த்தபோது கிண்ணத்தைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்போது அனிமல் ஹவுஸில் மூன்று முயல்கள்தான் மிச்சம். புது முறையில் எங்களுக்கு வந்த முதல் ஆர்டர், ஒரு தொழிற்சாலை அனுப்பிய அழுக்கு நீக்கும் திரவம். அதை ஒழுங்காகச் செய்து கொடுத்துவிட்டால் முயல்களைப் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு வளர்க்கக் கொடுத்துவிடலாம் என்று விலங்குச் சோதனைக் கமிட்டியில் முடிவாகியிருந்தது. சொதப்பினால் பழைய முறைதான். அதற்கான அனுமதியும் கையில் தயாராக இருந்தது.

அந்த முயல்களைப் பார்த்துக்கொண்டவரை மேனேஜர் உட்பட எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். பழைய பெருங்களத்தூர்க்காரர். அவருக்கு வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று ஒரு மனக்குறை. எல்லோரும் தங்கள் மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை முடிந்ததும் அணைத்துவிடுவார்கள். அன்று ஆயுதத்துக்கு ஓய்வு, தொடக்கூடாது. அனிமல் ஹவுஸில் மட்டும் எதை அணைப்பது? ஏசியை நிறுத்தினால் முயல் தாங்காது. "அல்லாரும் ரெஸ்ட் குடுக்கிறீங்கோ, எனக்கு மட்டும் ஒண்ணும் இல்ல" என்று புலம்பிக்கொண்டே கூண்டுக் கதவில் பொட்டு வைப்பார். அந்த வருஷம் அவரைப் புது அறைக்கும் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள்.

தோல் வந்த பார்சல் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மீனம்பாக்கத்தில் இறங்கியது. தொடர் விடுமுறை, பாதி சென்னை ஊருக்குக் கிளம்பியிருந்தது. ஜிஎஸ்டி ரோட்டில் வாழைக்கன்றும் பூசணிக்காயும் ஒரு பக்கம், தென்மாவட்ட பஸ்களும் மூட்டைகளும் மறு பக்கம். பார்சல் வண்டி பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்க, நான் கேட்டில் நின்று டிரைவரை போனில் திட்டிக்கொண்டிருந்தேன், என்னவோ அவர்தான் ரோட்டை அடைத்த மாதிரி. மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. அவசர அவசரமாக மருந்தை விட்டு, கழுவி, இன்குபேட்டரில் வைத்து மூடினேன். மறுநாள் லீவு என்பதால் ஆபீஸ் பூஜை அன்றைக்கே; அதற்குள் ஹாலில் மணி அடித்துவிட்டார்கள். பொரியும் சுண்டலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டாஃப் வேனுக்கு ஓடினேன். அண்ணா அறைகளுக்கெல்லாம் சூடம் காட்டிவிட்டுப் பூட்டுவதாகச் சொன்னார்.

விஜயதசமியன்று காலையில் போய் அறையைத் திறந்தேன். இன்குபேட்டர் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம். கைப்பிடியில் அருகம்புல் மாலை. எப்போதும் சூட்டின் அளவைக் காட்டும் சிவப்பு எழுத்து மட்டும் இல்லை. கதவைத் தொட்டேன், அறையின் ஏசி குளிரில் ஜில்லென்றிருந்தது.

"அண்ணா, இதை யாரு ஆஃப் பண்ணது?"

"நான்தான் மேடம்." பெருமையாகவே சொன்னார். "பூஜ போட்டுட்டு மெஷினை ஓடவுடலாமா? நேத்து ஃபுல்லா ரெஸ்ட்டு. ஷோக்கா கீது பாரு."

நான் கத்தியது கேட் வரை கேட்டிருக்கும். "உள்ள உயிர் இருக்குண்ணா! குளிர்ல எல்லாம் செத்துப் போச்சு!"

அவர் முகம் சுருங்கியது. "தோலுன்னுதானே சொன்னீங்கோ. தோலுக்கு இன்னா மேடம் உயிரு?"

மழிக்கும் மெஷினைப் பிடிப்பது எப்படி என்று ஒரு வாரம் அவருக்குப் பயிற்சி கொடுத்த கம்பெனி, இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல ஐந்து நிமிஷம் செலவழிக்கவில்லை. மனசு கேட்காமல் மஞ்சள் திரவத்தை ஊற்றிப் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் தண்ணீர் விட்டு வைத்திருந்த தோல்கூட வெளுத்தே கிடந்தது.

மேனேஜர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "வாரக் கடைசிக்குள்ள ரிசல்ட் தரணும். பழைய முறையிலேயே பண்ணிடுங்க. முதல்ல ஒண்ணு போதும். இன்னைக்கே ஷேவ் பண்ணச் சொல்லுங்க, நாளைக்குத் தடவிடலாம்."

அண்ணாவிடம் சொன்னேன். அவர் கூண்டைத் திறந்தார். இருப்பதில் பெரிய முயலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மழித்தார். வெள்ளை ரோமம் அவர் செருப்பின் மேல் விழுந்தது. முயல் அவர் முழங்கைக்குள் முகத்தைச் செருகிக்கொண்டது. முடித்ததும், "இதுக்கோசரம்தான் மேடம் அந்த மெஷினுக்கு ரெண்டு வாட்டி சூடம் சுத்தினேன்," என்றார். "அது நல்லா ஓடுச்சின்னா இதுங்க பொழச்சிக்கும்னு."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்து தொழிற்சாலைக்கு போன் போட்டேன். மேனேஜரைக் கேட்டால் வேண்டாம் என்பார், அதனால் கேட்கவில்லை. ஆர்டர் கொடுத்த அம்மா எடுத்தார். மெஷின் ரிப்பேர் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். வாயில் வந்தது உண்மை. "ஆயுத பூஜைக்கு எங்க ஆளு மெஷினுக்கு ரெஸ்ட் குடுத்துட்டாரு மேடம். எல்லாம் வீணாப் போச்சு. அடுத்த வாரப் பார்சல் வர்ற வரைக்கும் டைம் குடுங்க. இல்லேன்னா நாளைக்கு ஒரு முயல் மேல தடவணும்."

போச்சு என்று நினைத்தேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எங்க பிளான்ட்டுக்கே பூஜை போட்டு ஆஃப் பண்ணிட்டோம் மேடம். ஆளுங்க எல்லாம் ஊருக்குப் போயாச்சு, திங்கட்கிழமைக்கு முன்னாடி ஒருத்தரும் வரமாட்டாங்க. ரிசல்ட்டை வச்சுக்கிட்டு நான் மட்டும் என்ன பண்ணப் போறேன்? அடுத்த வாரமே குடுங்க. உங்க சாருக்கு மெயில் போட்டுடறேன்."

கெடுத்த பூஜையே காப்பாற்றியது. போனை வைத்துவிட்டு, பையில் நமுத்துப் போயிருந்த பொரியை நின்ற இடத்திலேயே தின்று தீர்த்தேன். பசித்திருக்கிறது, அதுவரை தெரியவில்லை.

அடுத்த பார்சல் வந்தபோது அண்ணா இன்குபேட்டர் சுவிட்சின் மேல் அட்டையை வைத்து டேப் ஒட்டிவிட்டார். பக்கத்தில் யார் போனாலும், "உள்ளார உயிர் கீது, பாத்துப் போ" என்றார். மேனேஜரையும் விடவில்லை. இரண்டு ராத்திரி கழித்து நான் கிண்ணங்களை எடுத்து மஞ்சள் திரவத்தை ஊற்றினேன். கையுறை போட்டுக்கொண்டு அவரும் வந்து நின்றார். தண்ணீர் விட்ட வரிசை கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. எனக்கு மூச்சு வந்தது. தொழிற்சாலைத் திரவம் விட்ட வரிசை வெளுத்தே கிடந்தது.

"இது இன்னா மேடம், கலரே ஏறல? மறுபடி நான் எதுனா பண்ணிட்டனா?"

"இல்லண்ணா. இது சரியான ரிசல்ட்தான். அந்த மருந்து அவ்வளவு காரம். தோல் வெந்துபோச்சு."

குனிந்து அந்த வெளுத்த பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு இத்தத்தான் தடவறதா இருந்துச்சா?"

"ஆமாண்ணா."

அவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போனார். குறிப்பெல்லாம் எழுதி முடித்து நான் அனிமல் ஹவுஸுக்குப் போனபோது, அந்தப் பெரிய முயல் அவர் மடியில் உட்கார்ந்து அருகம்புல் தின்றுகொண்டிருந்தது. மழித்த சதுரத்தில் ரோமம் பூனைமுடியாக முளைத்திருந்தது. அதன் மேல் அவர் உள்ளங்கையை வைத்து மூடியிருந்தார். என்னைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை.